பெல்ட் பல் தாண்டினால் ஐட்லர் போட வேண்டுமா? மின் ஸ்கேட்போர்டுக்கு ஓர் எளிய விளக்கம்

மின் ஸ்கேட்போர்டில் நல்ல வேகத்தில் போகும்போது பிரேக்கை அழுத்தினால் சில நேரம் சக்கரப் பக்கத்திலிருந்து 'டரக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தக் கணம் பிரேக் பிடிக்காது. மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் பெல்ட் பல் தாண்டிவிட்டது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் யோசனை, "ஐட்லர் ஒண்ணு போட்டு இறுக்கிடு, சரியாயிடும்." ஐட்லர் என்பது பெல்ட்டின் மேல் அழுந்திச் சுழலும் ஒரு சின்ன உருளை.

காவிரி டெல்டாவில் இந்த யோசனை இன்னும் உறுதியாக வரும். குறுவைக்கும் சம்பாவுக்கும் வயலில் இறங்கும் அறுவடை இயந்திரத்தின் பக்கத் தகட்டைத் திறந்தால், ஸ்பிரிங்கோ நெம்புகோலோ தள்ளிப் பிடிக்கும் ஐட்லர் உருளைகள் பெல்ட்டின் மேல் அழுந்தி நிற்பதைப் பார்க்கலாம். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கு அது பழகிய வேலை. அந்த அறிவில் பாதி ஸ்கேட்போர்டுக்கு அப்படியே உதவும். மீதிப் பாதி உதவாது, சில இடங்களில் கெடுக்கவும் செய்யும். ஐட்லர் போட்ட பிறகும் பெல்ட் தாண்டுவதற்குப் பெரும்பாலும் இந்த மீதிப் பாதிதான் காரணம்.

இரண்டு பெல்ட், இரண்டு குணம்

அறுவடை இயந்திரத்திலும் நெல் அரவை ஆலையிலும் அதிகம் ஓடுவது வி பெல்ட். புல்லியின் சரிவான பள்ளத்துக்குள் ஆப்பு மாதிரி இறங்கி, உராய்வினால் இழுக்கும். உராய்வு வேண்டுமானால் இறுக்கம் வேண்டும். இறுக்கம் குறைந்தால் வழுக்கும், தேயும், கருகும். அதனால் அங்கே 'வழுக்கினால் இறுக்கு' என்பது சரியான வைத்தியம்.

ஸ்கேட்போர்டில் இருப்பது பல் பெல்ட். ரப்பர் பட்டையின் உட்புறத்தில் பற்கள் இருக்கும். அவை புல்லியின் பள்ளங்களில் உட்கார்ந்து இழுக்கும். பரவலாகப் பயன்படுவது எச்.டி.டி. 5எம் வகை, ஒரு பல்லின் நடுவிலிருந்து அடுத்த பல்லின் நடுவுக்கு 5 மி.மீ. அகலம் பெரும்பாலும் 12 அல்லது 15 மி.மீ. மோட்டாரின் தண்டில் சின்னப் புல்லி, சக்கரத்தில் பெரிய புல்லி. இந்தக் கட்டுரை முழுக்க ஒரே கணக்கை வைத்துக்கொள்வோம்: மோட்டாரில் 15 பல், சக்கரத்தில் 36 பல், 265 மி.மீ. நீள பெல்ட். மோட்டார் 2.4 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இடையில் எத்தனை ஐட்லர் வைத்தாலும் இந்த விகிதம் மாறாது. ஐட்லர் போட்டால் வேகம் கூடும், இழுவை கூடும் என்று சொல்வது தவறு.

பல் பெல்ட் இழுப்பதற்கு உராய்வு தேவையில்லை. பிறகு இறுக்கம் எதற்கு? பல்லின் பக்கவாட்டு வளைவானது. சுமை ஏறும்போது பெல்ட்டின் பல் அந்த வளைவின் மேல் ஏறி, பள்ளத்தை விட்டு வெளியே வரப் பார்க்கும். அதை உள்ளேயே அமுக்கி வைப்பதுதான் இறுக்கத்தின் வேலை. அமுக்குவது போதாமல் போனால் பல் விளிம்பைத் தாண்டி அடுத்த பள்ளத்தில் விழும். 'டரக்' சத்தம் அதுதான்.

எத்தனை பல் கடித்திருக்கிறது?

இந்த விஷயத்தின் மையமே இந்தக் கேள்விதான்.

சுவாமி புறப்பாட்டில் பல்லக்கைத் தூக்கி வரும் ஸ்ரீபாதந்தாங்கிகளை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டில் ஆறு தோள் இருந்தால் ஒவ்வொரு தோளிலும் ஆறில் ஒரு பங்கு. இரண்டு பேர் விலகினால் மிச்சம் நான்கு பேரின் தோளில் அதே பல்லக்கு. தண்டை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அந்த நால்வரின் சுமை குறையாது. இன்னும் இரண்டு தோள் வந்தால்தான் குறையும்.

மோட்டார் புல்லியில் ஒரு நேரத்தில் பெல்ட்டோடு கடித்திருக்கும் பற்கள்தான் அந்தத் தோள்கள். எத்தனை பல் கடிக்கும் என்பதைப் பெல்ட் அந்தப் புல்லியை எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது என்பது முடிவு செய்கிறது. இதைச் சுற்றுக்கோணம் என்போம். இரு புல்லிகளும் ஒரே அளவாக இருந்தால் சுற்றுக்கோணம் 180 டிகிரி, அதாவது சரிபாதி. ஒன்று சின்னதாக, மற்றது பெரிதாக இருந்தால் சின்னதன் மேல் பெல்ட் குறைவாகவே சுற்றும்.

நம் கணக்கில் இரு தண்டுகளுக்கும் இடையே சுமார் 67 மி.மீ. வரும். மோட்டார் புல்லியின் சுற்றுக்கோணம் ஏறக்குறைய 151 டிகிரி. 15 பல்லில் அது 6 பல்லுக்குச் சற்று மேல்.

பெல்ட் தயாரிப்பாளர்களின் கையேடுகளில் 6 என்பதுதான் எல்லைக்கோடு. 6 பல்லோ அதற்கு மேலோ கடித்தால் பெல்ட்டின் முழுத் திறனையும் கணக்கில் எடுக்கலாம். 5 பல் என்றால் 80 சதவீதம். 4 பல் என்றால் 60 சதவீதம். 3 பல்லுக்கு 40தான்.

இப்போது இழுவை கூட வேண்டும் என்று மோட்டாரில் 12 பல், சக்கரத்தில் 44 பல் போடுகிறார் ஒருவர். தண்டுகளுக்கிடையே ஏறக்குறைய அதே தூரம். சுற்றுக்கோணம் 136 டிகிரிக்கு இறங்கிவிடும். 12 பல்லில் கடிப்பது நாலரை. முழுப் பல்லாக எண்ணினால் 4. பெல்ட்டின் திறன் 60 சதவீதம். பிரச்சினை இதோடு நிற்கவில்லை. 190 கேவி மோட்டாருக்கு (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 190 சுற்று என்று பொருள்) 40 ஆம்பியர் கொடுத்தால் சுமார் 2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வரும். 15 பல் புல்லியில் இது பெல்ட்டை 168 நியூட்டன் விசையில் இழுக்கும். 12 பல் புல்லியின் ஆரம் குறைவு என்பதால் அதே முறுக்குவிசை 209 நியூட்டனாக ஏறும். 168ஐ ஆறு பல் சுமந்தது, 209ஐ நான்கு பல் சுமக்கிறது. ஒரு பல்லுக்கு 28 என்பது 52 ஆகிறது. பற்கள் சுமையைச் சரிசமமாகப் பகிர்வதில்லை, ஆனாலும் போக்கு இதுதான். அந்தக் கையேடுகள் 5எம் பெல்ட்டுக்கு 14 பல்லுக்குக் குறைந்த புல்லி வேண்டாம் என்று சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால், 12 பல் புல்லியை வாங்குமுன் யோசிக்க வேண்டியது தெரியும்.

இதுவரை பார்த்தது: பல் பெல்ட் தாண்டாமல் இருக்க இரண்டு விஷயம் வேண்டும். அளவான இறுக்கம் ஒன்று. மோட்டார் புல்லியில் குறைந்தது 6 பல் கடித்திருப்பது மற்றொன்று. முதலாவது குறைந்தால் இறுக்கலாம். இரண்டாவது குறைந்தால் இறுக்கிப் பயனில்லை.

ஐட்லர் இங்கே செய்யும் வேலை

ஐட்லர் என்பது எதையும் இழுக்காமல், பெல்ட்டின் பாதையை மட்டும் திருப்பிவிடும் சுழல் உருளை. இதில் இரண்டு வகை.

பெல்ட்டின் வெளியே, முதுகுப்புறத்தில் நின்று உள்நோக்கித் தள்ளுவது ஒரு வகை. முதுகில் பல் இல்லாததால் இந்த உருளை வழவழப்பாக இருக்கும். இதை மோட்டார் புல்லிக்கு அருகில் வைத்தால் பெல்ட் அந்தப் புல்லியை இன்னும் கொஞ்ச தூரம் சுற்றிக்கொண்டு வரும். சுற்றுக்கோணம் கூடும். நம் 15 பல் புல்லியில் 151 டிகிரியை 185 ஆக்கினால் கடிக்கும் பல் ஏழரையைத் தாண்டும். 12 பல் புல்லியில் 180 வரை கொண்டுபோனால்தான் 6 பல் கிடைக்கும்.

பெல்ட்டின் உள்ளே நின்று வெளிநோக்கித் தள்ளுவது மற்ற வகை. அது பற்கள் இருக்கும் பக்கம் என்பதால் பல் வெட்டிய உருளை வேண்டும். தளர்ச்சியை இது எடுத்துவிடும், ஆனால் சுற்றுக்கோணத்தைக் குறைத்துவிடும். ஸ்கேட்போர்டின் குட்டைப் பெல்ட்டில் இதற்கு வேலையே இல்லை என்று சொல்லலாம்.

ஆக, வெளிப்புற ஐட்லரின் தலையாய பயன் பல்லின் எண்ணிக்கையைக் கூட்டுவது. இறுக்கம் அதோடு சேர்ந்து வருவது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டால் ஐட்லரை இரு புல்லிக்கும் நட்டநடுவில் வைத்துவிடுவோம். அங்கே பெல்ட் இறுகும், ஆனால் மோட்டார் புல்லியில் கோணம் கொஞ்சம்தான் கூடும்.

பிரேக் பிடித்தால் பக்கம் மாறும்

அறுவடை இயந்திரத்தின் பழக்கம் காலை வாரிவிடும் இடம் இது.

எந்தப் பெல்ட்டிலும் சுமை ஏறியதும் ஒரு பக்கம் இறுகும், எதிர்ப்பக்கம் தளரும். அறுவடை இயந்திரத்தில் எஞ்சின் எப்போதும் ஒரே திசையில் இழுக்கிறது. தளர்ந்த பக்கம் எப்போதும் தளர்ந்த பக்கமே. அங்கே ஸ்பிரிங் ஐட்லர் வைத்தால், பெல்ட் நீண்டாலும் ஸ்பிரிங் அதைத் தொடர்ந்து வாங்கிக்கொள்ளும். அருமையான ஏற்பாடு.

ஸ்கேட்போர்டில் பிரேக் பிடிப்பதும் அதே மோட்டார்தான், அதே பெல்ட் வழியாகத்தான். முடுக்கும்போது மோட்டார் சக்கரத்தை இழுக்கிறது. பிரேக்கில் சக்கரம் மோட்டாரை இழுக்கிறது. இறுகிய பக்கம் தளரும், தளர்ந்த பக்கம் இறுகும். ஸ்பிரிங் ஐட்லர் நிற்கும் பக்கம் திடீரென்று இறுகினால் பெல்ட் நிமிர்ந்து ஸ்பிரிங்கைத் தள்ளிவிடும். தள்ளிய அளவு நீளம் முழுவதும் எதிர்ப்பக்கத்தில் தளர்ச்சியாகச் சேரும். ஐட்லர் கொடுத்த கூடுதல் கோணமும் அதே நொடியில் போய்விடும். பிரேக் மிக அவசியமான நேரத்தில் பல் தாண்டும். டெல்டாவில் மேடு கிடையாது, வாய்க்கால் பாலத்து ஏற்றம்தான் ஏற்றம். அதனால் இங்கே பெல்ட்டுக்கு வரும் பெரிய சுமை பெரும்பாலும் திடீர்ப் பிரேக்கில்தான்: குறுக்கே வரும் ஆடு, கரையிலிருந்து சாலைக்கு ஏறும் சைக்கிள். ஸ்கேட்போர்டில் ஸ்பிரிங் ஐட்லர் வேண்டாம். போல்ட் போட்டுப் பூட்டிய, நகராத ஐட்லர் மட்டுமே.

எந்தப் பக்கம் எப்போது இறுகும் என்பதை இப்படிக் கண்டுகொள்ளலாம். மோட்டார் சக்கர அச்சுக்கு முன்னால், பலகைக்கு அடியில் இருந்தால், முடுக்கும்போது பெல்ட்டின் மேல்பக்கம் இறுகும். பிரேக்கில் கீழ்ப்பக்கம் இறுகும். மோட்டார் அச்சுக்குப் பின்னால் இருந்தால் இது அப்படியே மாறிவிடும்.

ஒரே ஐட்லர்தான் போட முடியும் என்றால் மேல்பக்கத்தில் போடுவது நல்லது. தரையில் கிடக்கும் கல்லும் வைக்கோலும் அங்கே எளிதில் எட்டாது. மோட்டார் முன்னால் உள்ள போர்டில், பிரேக் பிடிக்கும்போது தளரும் பக்கமும் அதுவே. 12 பல் மாதிரிச் சின்னப் புல்லியில் 136 டிகிரியை 180 ஆக்க வேண்டிய 44 டிகிரி முழுவதையும் ஒரே பக்கத்தில் திருப்பினால் பெல்ட் கூர்மையாக மடியும். மேலே 22, கீழே 22 என்று இரண்டு ஐட்லராகப் பிரிப்பது பெல்ட்டுக்கு இதம். இடம் இருந்தால் இதுவே சிறந்த அமைப்பு.

சுருக்கமாக: ஐட்லர் முதுகுப்புறத்தில், மோட்டார் புல்லிக்கு அருகில், ஸ்பிரிங் இல்லாமல் பூட்டியபடி இருக்க வேண்டும்.

ஐட்லர் வேண்டாத இடம்

மோட்டார் மவுண்ட் என்பது மோட்டாரைச் சக்கர அச்சோடு பிடித்து வைக்கும் தகடு. பெரும்பாலான மவுண்ட்களில் போல்ட் துளைகள் நீள்துளையாக இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி மோட்டாரை வெளியே இழுத்தாலே பெல்ட் இறுகும். 5எம் பெல்ட் நீளம் 5 மி.மீ. படிகளில்தான் கூடும், அடுத்த அளவு பெல்ட்டுக்கு மாறினால் மோட்டார் சுமார் 2.5 மி.மீ.தான் நகர வேண்டும். அந்த அளவுக்கு நீள்துளை இருந்து, 6 பல்லும் கடித்திருந்தால் ஐட்லர் தேவையில்லை. போட்டால் பெல்ட்டை எதிர்த்திசையில் மடக்கும் இன்னோர் இடம், தேயும் இன்னொரு பேரிங், இவைதான் மிச்சம்.

பல் தாண்டினால் முதலில் பார்க்க வேண்டியவை வேறு. இறுக்கம் சரியா? இரு புல்லிகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா? மவுண்ட் முறுக்குகிறதா? பெல்ட்டின் பல் உருண்டு தேய்ந்திருக்கிறதா? சில நேரம் 12 பல் புல்லியைக் கழற்றி 15 அல்லது 16 பல் போடுவதே முழுத் தீர்வு. டெல்டாவின் சமதளத்தில் அதனால் இழக்கும் இழுவை பெரிதாகத் தெரியாது.

நீள்துளை இல்லாத மவுண்ட், தவிர்க்க முடியாத சின்னப் புல்லி, மோட்டாரை நகர்த்த இடமில்லாத இரட்டை மோட்டார் அமைப்பு. ஐட்லருக்கு நியாயமான இடங்கள் இவை.

பொருத்தும் முறை

பலரும் 608 பேரிங்கையே ஐட்லராக வைக்கிறார்கள். ஸ்கேட்போர்டுச் சக்கரத்தில் இருக்கும் அதே பேரிங்: உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22, தடிமன் 7. 12 மி.மீ. பெல்ட்டுக்கு இரண்டு, 15 மி.மீ. பெல்ட்டுக்கு மூன்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அகலம் போதும். அவசரத்துக்கு இது ஓடும். ஆனால் முதுகுப்புறம் மடக்கும் உருளை, அமைப்பில் உள்ள மிகச் சின்னப் புல்லியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பது நல்லது. 15 பல் புல்லியின் விட்டமே ஏறக்குறைய 24 மி.மீ. என்பதால் 22 மி.மீ. உருளை அதற்கும் கீழே போகிறது. பெல்ட்டின் முதுகு சீக்கிரம் வெடிக்கும்.

இதற்கு லேத் பட்டறையில் ஒரு சின்ன வேலை கொடுத்தால் போதும். அலுமினியத்தில் ஓர் உறை: வெளிவிட்டம் 30 மி.மீ., அகலம் பெல்ட்டைவிட 3 மி.மீ. கூடுதல், இரு முனையிலும் 608 பேரிங் அழுத்தி உட்காரும் 22 மி.மீ. குழி. இரு பேரிங்குகளின் உள்வளையங்களுக்கு நடுவே குழிகளுக்கு இடையிலுள்ள தூரத்துக்குச் சரியான ஒரு ஸ்பேசர், அதாவது இடைக்குழாய். இந்த ஸ்பேசரை விட்டுவிட்டு போல்ட்டை இறுக்கினால் உள்வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று இழுபட்டு பேரிங் சீக்கிரம் போய்விடும்.

மற்றவை: எம்8 (8 மி.மீ.) போல்ட், தானாகக் கழலாத நைலாக் நட், பேரிங்கின் உள்வளையத்தை மட்டும் தொடும் சின்ன வாஷர்கள், போல்ட்டின் மரையில் போட லாக்டைட் பசை. பெரிய வாஷர் வெளிவளையத்தைத் தொட்டால் உருளை சுழலாது. பேரிங் வாங்கும்போது 2ஆர்.எஸ். வகை, அதாவது இருபுறமும் ரப்பர் மூடி உள்ளது என்று கேட்டு வாங்குங்கள். தகரமூடி வகை ஆற்று மணலுக்கும் நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கத்து உப்புக் காற்றுக்கும் தாங்காது.

பொருத்தும்போது முதலில் மோட்டாரை உள்ளே தள்ளிப் பெல்ட்டை மாட்டுங்கள். ஒரு எஃகு ஸ்கேலை இரு புல்லிகளின் பக்கவாட்டிலும் படிய வைத்து நேர்பாருங்கள். இடைவெளி தெரிந்தால் ஐட்லருக்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும். பிறகு ஐட்லரை மோட்டார் புல்லிக்கு எவ்வளவு அருகே முடியுமோ அங்கே வைத்து, பெல்ட் வளையும் அளவுக்குத் தள்ளிப் பூட்டுங்கள். உள்ளே வளைந்த பெல்ட்டின் பற்களுக்கும் எதிர்ப்பக்கப் பெல்ட்டின் பற்களுக்கும் நடுவே தாராளமான இடைவெளி இருக்கட்டும். தளரும் பக்கம் ஓட்டத்தில் அதிரும். மவுண்ட்டில் நீள்துளை இருந்தால் மீதி இறுக்கத்தை அதில் முடியுங்கள்.

எவ்வளவு இறுக்கம்? தயாரிப்பாளர்களின் விதிப்படி, ஐட்லர் இல்லாத பக்கத்தின் நடுவில், அந்தப் பெல்ட்டுக்குச் சொல்லப்பட்ட விசையோடு அழுத்தினால், அந்தப் பக்கத்து நீளத்தில் 64இல் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். 65 மி.மீ. நீளத்துக்கு அது வெறும் 1 மி.மீ. பெல்ட் தொய்வும் தெரியக் கூடாது, வீணைத் தந்தி மாதிரி ஒலிக்கவும் கூடாது. அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் மோட்டார் தண்டு ஒரு பக்கமாக இழுபடும், மோட்டாரின் பேரிங் தேயும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். சக்கரத்தைக் கையால் இரு திசையிலும் சுற்றிப் பாருங்கள். பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் ஐட்லரின் போல்ட் சாய்ந்திருக்கிறது. பிரேக்கில் 209 நியூட்டன் இழுக்கும் பெல்ட் ஐட்லர் மேல் 30 டிகிரி திரும்பினால், போல்ட்டின் மேல் ஏறக்குறைய 11 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் வரும். எம்8 போல்ட்டுக்கு அது ஒன்றுமில்லை. முப்பரிமாண அச்சில் எடுத்த மெல்லிய பிளாஸ்டிக் தாங்கிக்கு அது அதிகம்; தாங்கியை அலுமினியத் தகட்டில் செய்யுங்கள்.

என்ன கெடும், எப்படித் தெரியும்

அறுவடைக் காலத்தில் ஊர்ச்சாலைகளில் நெல் காயும். அதன் மேல் போர்டை ஏற்றக் கூடாது என்பது மரியாதை. அது ஒருபுறம் இருக்க, ஓரத்தில் சிதறிய மணிகளே பெல்ட்டுக்குப் போதுமான எதிரி. 5எம் பல்லின் உயரம் 2 மி.மீ.தான், ஒரு நெல்மணியின் தடிமனும் கிட்டத்தட்ட அவ்வளவே. பள்ளத்தில் ஒரு மணி சிக்கினால் பெல்ட்டின் பல் முழுவதும் மேலே தூக்கப்படும். இறுக்கமும் கோணமும் சரியாக இருந்தும் ஒரே இடத்தில், ஒரே சீராக 'டக்' 'டக்' என்று கேட்டால், இறுக்குவதற்கு முன் புல்லிப் பள்ளங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பாருங்கள். வைக்கோல் துரும்பு ஐட்லர் போல்ட்டில் சுற்றிக்கொண்டு ரப்பர் மூடியைக் கிழிக்கும். அதையும் பிடுங்கிவிட வேண்டும்.

ஐட்லர் பேரிங் இறுகி நின்றுவிட்டால் பெல்ட் அதன் மேல் தேய்த்துக்கொண்டு ஓடும். பெல்ட்டின் முதுகு பளபளக்கும், கருப்புத் தூள் கொட்டும், உருளை தொட முடியாமல் சுடும். ஐப்பசி மழையில் ஓட்டிய பிறகு பெல்ட்டைக் கழற்றி உருளையை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். கரகரத்தால் பேரிங்கை மாற்ற வேண்டும். சேறு கழுவுகிறேன் என்று மோட்டார் பம்ப் தண்ணீரை நேராகப் பீய்ச்சினால் ரப்பர் மூடியையும் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும்.

பெல்ட்டின் ஓரம் நூல் பிரிந்தால் புல்லிகள் நேரில் இல்லை. முதுகில் குறுக்கே வெடிப்பு வந்தால் உருளை சிறியது, அல்லது மடிப்பு கூர்மையானது. பல்லின் அடியில் வெடிப்பு என்றால் பெல்ட் ஏற்கெனவே பலமுறை தாண்டியிருக்கிறது, மாற்ற வேண்டியதுதான். பெல்ட்டின் உள்ளே ஓடுவது கண்ணாடி இழை. அது ரப்பர் மாதிரி நீளாது. சரியாக இறுக்கிய பெல்ட் ஒரு வாரத்தில் தளர்ந்தால் 'பெல்ட் நீண்டுவிட்டது' என்று மறுபடி இறுக்காதீர்கள். மவுண்ட் அச்சில் வழுக்கியிருக்கும், அல்லது ஐட்லர் போல்ட் நகர்ந்திருக்கும். முதல் ஓட்டத்துக்கு முன்பே மவுண்ட்டுக்கும் அச்சுக்கும் குறுக்கே, போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு எங்கே முறிந்திருக்கிறதோ, நகர்ந்தது அந்த இடம்தான்.